பழைய வண்டிக்கு ஒரு ஃபேன் ஸ்விட்ச்

எலியட்ஸ் கடற்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர். ஒருவரிடம் அம்பாசடர். ஒருவரிடம் பழைய மாருதி 800. இன்னொருவரிடம் நம்ம பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. என்னிடம் 1985 மாடல் பிரீமியர் பத்மினி. சர்க்கரை, பிரஷர், பென்ஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு தானாக வண்டிச் சூட்டில் வந்து நிற்கும். போன மாதம் இவர்களில் இரண்டு பேர், "அந்த ஃபேன் ஸ்விட்ச் சமாசாரத்தை ஒரு தடவை முழுசா எழுதிடுங்களேன்" என்றார்கள். எழுதிவிட்டேன். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். மலிவான பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதானே.

முதலில் பத்மினியைப் பற்றிச் சில வார்த்தை. ஃபியட் 1100 டிலைட் என்று நாம் அறிந்த வண்டிக்குத்தான் 1970களில் பத்மினி என்று பெயர் வந்தது. பம்பாய் குர்லாவில் செய்தார்கள். 1089 சிசி இன்ஜின். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன. சொந்தக்காராக வைத்திருப்பவர்கள் அங்கொருவர் இங்கொருவர் இருக்கிறோம். அரசாங்கம் 2021இல் கொண்டுவந்த விதிப்படி 50 வயது கடந்தால்தான் விண்டேஜ் என்ற அந்தஸ்து. என் வண்டிக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை; எனக்கு எப்போதோ ஆகிவிட்டது.

இந்த வண்டியில் ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் ஃபேன், இன்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றுவது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் ஃபேனும் வேகமாகச் சுற்றும். சிக்னலில் நின்றால் இன்ஜின் மெதுவாகும், ஃபேனும் மெதுவாகும். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வீசும் காற்றும் அப்போது இருக்காது. ஆக, காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் காற்று மிகவும் குறைவு. 1985இல் சென்னையில் இது ஒரு பொருட்டே இல்லை. பெசன்ட் நகரிலிருந்து மயிலாப்பூருக்கு நிற்காமல் போய்விடலாம். இப்போது கத்திரி வெயிலில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த அடையாறு சாலையில், முதல் கியரில் ஊர்ந்துகொண்டே போவதற்கு அந்த ஃபேன் போதாது. அதனால்தான் பலர் பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, மாருதி போன்ற சின்ன வண்டியின் மின்சார ஃபேனை ரேடியேட்டரில் மாட்டிக்கொள்கிறார்கள். என் வண்டிக்கும் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் மாட்டினார்கள். ஃபேன் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய சரக்கு. இன்றுவரை அதில் ஒரு குறையும் இல்லை.

குறை, அந்த ஃபேனை ஓடவைக்கும் ஸ்விட்சில். தண்ணீர் குறிப்பிட்ட சூடு வந்ததும் ஃபேனைப் போட்டு, ஆறியதும் அணைக்க வேண்டியது அதன் வேலை. பட்டறைக்காரர் பேட்டரியிலிருந்து வரும் ஒயரை நேராக அந்த ஸ்விட்ச் வழியாக ஃபேனுக்குக் கொடுத்துவிட்டார். போன வருஷம் மே மாதம், மத்திய கைலாஷ் சிக்னலில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஃபேன் சத்தமே இல்லை. ஓரங்கட்டுவதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி. முழங்கால் ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். மதியம் ஒரு மணி வெயிலில் நடைபாதையில் அரைமணி நேரம் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும், "ஆட்டோல போயிடலாமே" என்று மட்டும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று பையன் போனில் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை. வண்டி ஓடினால் மட்டும் போதாது, அதில் உட்காருகிறவருக்கு நம்பிக்கை வேண்டும்.

அன்று தப்பித்தது பெரிய விஷயம். இன்ஜின் கொதித்து ஹெட் வளைந்தாலோ, கேஸ்கெட் போனாலோ, இந்த வயதான வண்டிக்குச் செலவு பல ஆயிரம். பாகம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கழற்றிப் பார்த்தபோது ஸ்விட்சின் உள்ளே கான்டாக்ட் கருகி இருந்தது. காரணம் எளிது. சின்ன வண்டியின் ஃபேன் ஓடும்போது எட்டு முதல் பத்து ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். ஒவ்வொரு தடவை அணையும்போதும் கான்டாக்டுக்கு நடுவே ஒரு பொறி பறக்கும். ஒரு டிராஃபிக்கில் இருபது தடவை போட்டு அணைத்தால் இருபது பொறி. கட்டைவிரல் அளவுப் பொருள் எத்தனை நாள் தாங்கும்?

சரி, புதிதாக எதை வாங்குவது? ஜி.பி. ரோட்டில் ஒரு காலை முழுக்கச் சுற்றினேன். எனக்குக் காட்டியவை நான்கு வகை. விலை அன்று என்னிடம் சொன்ன விலை. கடைக்குக் கடை மாறும்.

முதல் வகை, பித்தளை உடம்போடு திருகி மாட்டும் ஸ்விட்ச். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தட்டு இருக்கும். சூட்டில் இரண்டும் வேறுவேறு அளவு விரிவதால், குறிப்பிட்ட சூட்டில் தட்டு டக்கென்று மறுபக்கம் வளைந்து கான்டாக்டைச் சேர்க்கும். இஸ்திரிப் பெட்டியில் இருப்பதும் இந்தத் தத்துவம்தான். உள்ளூர்த் தயாரிப்பு 350 ரூபாய், பெயர்பெற்ற வெளிநாட்டுத் தயாரிப்பு 1,100 ரூபாய்.

இரண்டாவது, முனையில் குமிழ் வைத்த மெல்லிய செம்புக் குழாயோடு வருவது. குமிழை ரேடியேட்டரில் செருகிவிட்டு, எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்பதை ஒரு திருகால் நாமே வைத்துக்கொள்ளலாம். 650 ரூபாய்.

மூன்றாவது, சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும் குட்டி எலக்ட்ரானிக் போர்டு. 180 ரூபாய்தான். பார்க்க அழகு. பேரன் பார்த்தால் இதைத்தான் வாங்கச் சொல்வான்.

நான்காவது, டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டும் சாதாரண ஆன் ஆஃப் ஸ்விட்ச். 60 ரூபாய். "முள் ஏறினா நீங்களே போட்டுக்குங்க சார்" என்றார் கடைக்காரர். நியாயமான யோசனைதான். ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வண்டியை வேறு ஒருவர் எடுத்துப் போனால் அவருக்கும் பாடம் நடத்த வேண்டும்.

நான்கு விலையையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அன்று மாலை அந்தச் சீட்டோடுதான் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனேன். என் வீடு குப்பத்தை ஒட்டிய தெருவில். ஒல்காட் என்பது பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் பெயர். சபை 1882இல் அடையாறுக்கு வந்து சேர்ந்தது. அவர் பெயர் இந்த மீனவக் குப்பத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே ஃபைபர் படகுகளின் இன்ஜின் பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். கார் வேலை அவர் தொழில் இல்லை. ஆனால் உப்புக்காற்றில் எந்த உலோகம் எத்தனை நாள் தாங்கும் என்பது இந்தப் பக்கத்தில் அவரை விட யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் இரும்புக் கேட்டுக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்காவிட்டால் மூன்றாம் வருஷம் கேட் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ராத்திரியெல்லாம் நிற்கிற வண்டிக்கு அவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது என்று தோன்றியது.

வலை காயப்போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்தார். விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சார், இதெல்லாம் கெட்டுப்போச்சுன்னா இன்னா ஆவும், அதைச் சொல்லுங்க" என்றார்.

நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்தார். "கடல்ல போயி நின்னுச்சின்னா எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுறது சார்? அதனால நாங்க வாங்கச்சொல்லவே அதைத்தான் பார்ப்போம். எப்படி ஓடுதுன்னு எல்லாரும் சொல்லுவான். எப்படி நிக்கும்னு பார்க்கணும்."

பக்கத்தில் கழற்றி வைத்திருந்த ஒரு அவுட்போர்டு இன்ஜினைக் காட்டினார். அது கடல் தண்ணீரையே உறிஞ்சிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதில் கொஞ்சம் தண்ணீர் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். "இது நின்னுச்சின்னா உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிடுவோம். மீட்டர் ஒண்ணும் வேணாம். கண்ணால பார்த்தா தெரிஞ்சிடணும். உங்க ஃபேன் ஓடுதா இல்லையான்னு உள்ள உக்காந்திருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. அதுதான் உண்மை. சாலை இரைச்சலில் ஃபேன் சத்தம் காதில் விழாது, அதுவும் என் காதில்.

வீட்டுக்கு வந்து அதே சீட்டில், விலைக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டேன்: கெட்டால் என்ன ஆகும்? பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது. செம்புக் குழாய் வகையில் உள்ளே அடைத்த திரவமோ வாயுவோ விரிந்துதான் கான்டாக்டை அழுத்துகிறது. குழாய் அதிர்வில் விண்டு அது கசிந்துவிட்டால், ஸ்விட்ச் என்றென்றைக்கும் "குளிர்ச்சியாக இருக்கிறது" என்றே நினைத்துக்கொண்டிருக்கும், ஃபேன் ஓடாது. எலக்ட்ரானிக் போர்டின் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறைகிற வகை. அதன் ஒயர் அறுந்தால் தடை அளவில்லாமல் ஏறும். போர்டுக்கு அது கடுங்குளிர். அப்போதும் ஃபேன் ஓடாது. திறந்த போர்டு உப்பு ஈரத்தில் எத்தனை மாதம் இருக்கும் என்பது தனிக் கேள்வி. கையால் போடும் ஸ்விட்ச் கெடாது, நாம்தான் மறப்போம்.

பித்தளை ஸ்விட்சும் கெடும். கான்டாக்ட் கருகினால் ஃபேன் ஓடாது, ஒட்டிக்கொண்டால் நிற்காது. ஆனால் இது மூடிய உடம்பு, கசிய ஒன்றுமில்லை, அறுந்துபோகும் நூலிழை ஒயரும் இல்லை. கருகுவதற்குக் காரணம் பத்து ஆம்பியர். அந்தச் சுமையை அதன் தலையிலிருந்து இறக்கிவிட்டால் மலிவான ஸ்விட்சே நீண்ட நாள் வரும். இறக்கிவைக்க இருப்பதுதான் ரிலே. ரிலேயின் சுருளுக்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஸ்விட்ச் அதை மட்டும் போட்டு அணைக்கும். ஃபேனின் பத்து ஆம்பியரை 30 ஆம்பியர் தாங்கும் ரிலே சுமக்கும். 1,100 ரூபாய் ஸ்விட்சை ரிலே இல்லாமல் மாட்டுவதைவிட 350 ரூபாய் ஸ்விட்சை ரிலேயோடு மாட்டுவது மேல் என்ற முடிவுக்கு வந்தேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது டிகிரி. உடம்பிலேயே 92/87 என்பதுபோல் பொறித்திருக்கும்; 92இல் போடும், 87இல் அணைக்கும். இன்ஜினின் தெர்மோஸ்டாட் வால்வு எண்பது சொச்சம் டிகிரியில்தான் திறக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ஃபேன் ஓடும்படி வாங்கினால், ஃபேன் நாளெல்லாம் ஓடி பேட்டரியைத் தின்னும். இதோடு ஒன்று: சூடு ஏறுகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறியச் சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் அதிகம், தேய்மானமும் அதிகம். இரண்டாவது, இடம். ரேடியேட்டரின் கீழ்த்தொட்டியில் தண்ணீர் ஏற்கெனவே ஆறியிருக்கும். அங்கே மாட்டினால் குறைந்த டிகிரி ஸ்விட்ச் வேண்டும். இன்ஜினிலிருந்து வரும் மேல் குழாயில் மாட்டினால் 92 சரி. மூன்றாவது, பின். ஒற்றைப் பின் ஸ்விட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். ரப்பர் குழாய்க்கு நடுவே மாட்டினால் எர்த் எங்கிருந்து வரும்? ஆகவே இரட்டைப் பின்.

பத்மினி ரேடியேட்டரில் இந்த ஸ்விட்சுக்கு ஓட்டை கிடையாது. பித்தளைத் தொட்டியில் புரி வைத்து ஈயம் பற்றவைக்கலாம். நான் நல்ல ரேடியேட்டரில் கைவைக்க விரும்பவில்லை. லேத் பட்டறையில் ஸ்விட்சையே கொடுத்து, அதன் புரிக்குத் தகுந்தபடி ஒரு சின்னப் பித்தளைக் குழாய் கடைந்து வாங்கினேன். மேல் ரப்பர் குழாயை நடுவில் வெட்டி இதைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் முடிந்தது. ஒரு எச்சரிக்கை: தண்ணீர் குறைந்தால் மேலே இருக்கும் ஸ்விட்ச் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், சூட்டைச் சரியாகச் சொல்லாது. வாரம் ஒருமுறை, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தே ஆக வேண்டும். சூட்டோடு திறக்கவே கூடாது.

மாட்டுவதற்கு முன் ஒரு பரீட்சை. மலிவான பொருளில் பொறித்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்சின் அடிப்பாகம் மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிட்டேன். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கூடவே ஒரு சமையல் தெர்மாமீட்டர். ஸ்விட்சின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டர், சத்தம் போடும் நிலையில். கடலோரம் குடியிருப்பதில் ஒரு சௌகரியம்: இங்கே தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 100 காட்டுகிறதா என்று பார்த்தால் தெர்மாமீட்டருக்கும் பரீட்சை ஆயிற்று. மனைவி அடுப்படி வாசலில் நின்று, "ரசம் வைக்கணும், எவ்வளவு நேரம்?" என்றாள். 93இல் மீட்டர் கூவியது. அடுப்பை அணைத்தோம். 86இல் நின்றது. மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை தெர்மாமீட்டரைப் படித்துச் சொன்னது அவள்தான். ஒரு டிகிரி இப்படி அப்படி இருப்பதில் தோஷமில்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிறதா என்பதுதான் முக்கியம்.

இனி குப்பத்துத் தம்பியின் பாடம். ரிலே சுருளுக்கு சாவியைத் திருப்பினால் வரும் இணைப்பிலிருந்து கரன்ட். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டாலும் சாவியை எடுத்ததும் ஃபேன் நிற்கும், மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்காது. ஸ்விட்சுக்கு இணையாக அந்த 60 ரூபாய் ஆன் ஆஃப் ஸ்விட்ச், டேஷ்போர்டுக்குக் கீழே. பித்தளை ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டால் கையால் போட்டு வீடு வந்து சேரலாம். ஃபேனுக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு குட்டிப் பச்சை விளக்கு, என் கண்ணுக்கு நேரே. ஃபேனுக்குக் கரன்ட் போனால் எரியும். முள் ஏறியும் பச்சை எரியவில்லை என்றால் கையால் போட வேண்டியதுதான். பேட்டரிப் பக்கம் 20 ஆம்பியர் ஃபியூஸ். ரிலே சாக்கெட்டை வாய் கீழே பார்க்கும்படி மாட்டினோம், ஈரம் தேங்காது. எல்லாப் பின்னிலும் கிரீஸ் தடவினார் தம்பி. "மாசம் ஒருக்கா கழட்டித் துடைச்சு மாட்டுங்க சார். இன்ஜினை நாங்க கடல்லேர்ந்து வந்ததும் நல்ல தண்ணில கழுவுற மாதிரி."

செலவுக் கணக்கு: ஸ்விட்ச் 350, ரிலேயும் சாக்கெட்டும் 220, ஃபியூஸ் பெட்டி 40, கை ஸ்விட்ச் 60, லேத் வேலை 450, ஒயர் 150, விளக்கு 30, தம்பியின் கூலி 500. மொத்தம் 1,800 ரூபாய். கூலி வாங்கவே மாட்டேன் என்றார், பாக்கெட்டில் திணித்தேன். இதே வேலைக்கு ஒரு இடத்தில் எட்டாயிரம் கேட்டார்கள். டைனமோ உள்ள வண்டிக்காரர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் போதாது. சிக்னலில் மின்சார ஃபேன் பேட்டரியிலிருந்துதான் தின்னும். ஆல்டர்னேட்டருக்கு மாறிவிட்டு ஃபேன் போடுவது நல்லது.

மாட்டி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கத்திரியில் தி. நகர் பனகல் பார்க் வரை இரண்டு தடவை போய் வந்தோம். முள் பாதிக்கு மேல் கொஞ்சம் ஏறும், பச்சை எரியும், முள் இறங்கும், பச்சை அணையும். முன்பெல்லாம் சிக்னலில் நின்றால் மனைவி பானெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கிறாள். எரிந்தால், "ஓடறது" என்று எனக்குச் சொல்வாள். அடுத்த வாரம் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். ஆட்டோ பேச்சு எழவில்லை.

மாதம் ஒருமுறை பின்களைத் துடைக்கும் வேலை நடக்கிறது. இன்னொரு 350 ரூபாய் ஸ்விட்ச் வாங்கி, அதையும் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு, டிக்கியில் ஸ்பேனரோடு ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.